கயிறு யார் கையில்?

டாக்டரம்மாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், எங்கே இருந்தாலும் தேடி வந்து, "ஏன்க்கா எழுதினிய? எங்க உக்காந்து எழுதினிய? மேசையிலயா, மடியில வச்சா? முதுகு வலிக்கலையா?" என்று ஆரம்பித்துவிடுவார். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அதிலிருந்து பத்துக் கேள்வி முளைக்கும். அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவள் நான். பட்டவள் சொல்கிறேன், நம்பலாம்.

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் அவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தூத்துக்குடியில், துறைமுகத்திலிருந்து சங்கு ஊதினால் மருந்து பாட்டில்கள் அதிர்கிற தூரத்தில் இருந்தது எங்கள் ஆஸ்பத்திரி. நான் அங்கே நர்ஸ். கல்யாணம் ஆகாத நர்ஸுகளுக்கென்று பின்னால் ஒரு சின்ன வீடு கொடுத்திருந்தார்கள். கூட இருந்தவர்கள் ஒவ்வொருத்தியாகக் கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விட, கடைசியில் அதில் நான் ஒருத்திதான் மிச்சம். பொம்பளை டாக்டருக்குத் தங்க வேறு இடம் இல்லையென்று அவரை என்னோடு சேர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான். தனியாக இருந்து பழகினவளுக்கு, அடுத்தவர் தண்ணீர்ச் செம்பை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால்கூடக் கோபம் வரும்.

ஓட்டப்பிடாரத்துக்கு அந்தப் பக்கம், பனங்காட்டு ஊர் ஒன்றில் கருப்பட்டி வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பெண். சென்னையில் போய் எம்.பி.பி.எஸ். முடித்தவர். ஒல்லியான உருவம், ஆனால் நடை மட்டும் பந்தயத்துக்குப் போகிற நடை. நான் கடற்கரைத் தெருக்காரி, மாதா கோயில் மணியடித்தால் கண் விழிக்கிறவள். அவருக்குக் கடல் தெரியாது. அதனால் முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார். "அலை வாரது தெரியுது. போறது ஏன்க்கா தெரியல?" என்றார். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இவரோடு காலம் தள்ளுவது லேசில்லை என்று.

ஒரு நாள் மதியம் டூட்டி முடிந்து வருகிறேன், குசினியில் டாக்டரம்மா ஒரு கையைத் துண்டால் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே கத்தரிக்காய் உருண்டு கிடக்கிறது. கையில் என்னவோ ஆகிவிட்டது என்று நான் பதறிப்போனேன்.

"மாதாவே! கையில என்னாச்சு டாக்டர்?"

"ஒண்ணுமில்லக்கா. காலையில மில்லுல கை போன ஒரு அம்மா வந்தாவல்லா, அவுக வீட்டுல போயி எப்படிக் காய் நறுக்குவாவன்னு பாக்கேன்."

"அதுக்கு அவுகளத்தான பாக்கணும்? நம்ம சோத்துல ஏன் மண்ணப் போடுதிய?"

அவர் காதில் அது விழவேயில்லை. கண்ணெல்லாம் வெளிச்சமாக என்னைப் பார்த்து, "கத்தின்னா ரெண்டு கை வேணும்க்கா. ஒரு கை காயப் புடிக்கணும், ஒரு கை கத்தியப் புடிக்கணும். அருவாமணைக்கு ஒரு கையும் ஒரு காலும் போதும். பாருங்க," என்று சொல்லி, அரிவாள்மணைக் கட்டையைக் காலால் அழுத்திக்கொண்டு ஒற்றைக் கையால் கத்தரிக்காயை இரண்டாக வகுந்தார். அடுத்த காய் கை நழுவிப் போய் அடுப்புச் சாம்பலில் விழுந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் ரசமும் அப்பளமும்தான்.

இதுதான் அவர். வைத்தியம் பார்க்க வருகிறவர்களிடம் மற்ற டாக்டர்கள் எங்கே வலிக்கிறது என்று கேட்பார்கள். இவர், "இங்கன எப்படி வந்திய? காலையில யாரு தண்ணி எடுத்தா? எப்படிச் சட்டை மாட்டினிய? செஞ்சு காட்டுங்க," என்பார். "செஞ்சு காட்டுங்க" என்பதுதான் அவருடைய மந்திரம். பக்கவாதம் வந்த ஒரு அண்ணாச்சி, பலசரக்குக் கடைக்காரர், இவர் கேட்டதற்காகப் புறநோயாளி வராந்தாவில் நின்று பொட்டலம் மடித்துக் காட்டினார். இடது கையும் பல்லுமாக அவர் நூலைச் சுற்றின சுற்றைப் பார்க்க ஒரு கூட்டமே கூடிவிட்டது. அண்ணாச்சிக்கு வெட்கம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம்.

எங்கள் பெரிய டாக்டருக்கு இதெல்லாம் பிடிக்காது. கத்தி எடுப்பதில் கெட்டிக்காரர், கை நடுங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் தையல் ஆறிவிட்டால் அந்த மனுஷன் அவரைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. "கால எடுக்கது என் வேலை. எடுத்த பொறவு நடக்கதும் நடக்காததும் அவன் தலையெழுத்து," என்பார். டாக்டரம்மா அதற்கும் கேள்வி வைத்திருந்தார். "அந்தத் தலையெழுத்த யாராச்சும் வாசிச்சுப் பாத்திருக்காவளா சார்?" பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாயில் வந்ததை விழுங்குகிறார் என்று அர்த்தம்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு வார்டு திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. யுத்தத்தில் கை கால் போன சிப்பாய்களுக்கான வார்டு. அவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி, நடக்கவைத்து, ஒரு தொழிலுக்குத் தயார்செய்து வீட்டுக்கு அனுப்பவேண்டும். அங்கேயே தங்கி இந்த வைத்தியத்தைக் கற்றுக்கொள்ள ஓர் இளம் டாக்டர் வேண்டும். இடம் ஒன்றே ஒன்று. செய்தியைக் கேட்ட நாளிலிருந்து டாக்டரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் கேள்விப்படாத வைத்தியம் அது. அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டேன். "பேரு இருக்கட்டும்க்கா, வேலை இருக்குல்லா," என்றார்.

கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தீர்மானமாகியிருந்தது. அவருடைய அப்பா ஊரில் ஒரு கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தார், பிரசவ ஆஸ்பத்திரிக்காக. பொம்பளை டாக்டர் என்றால் பிரசவம் பார்க்கத்தானே? மாப்பிள்ளையும் அக்கம்பக்கத்தில் பார்த்தாகிவிட்டது. "தை பொறந்தா ஊருக்கு வந்துரு தாயி," என்று அவர் மெதுவாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். அதட்டியிருந்தால் இவர் சண்டை போட்டிருப்பார். மெதுவாகச் சொன்னதால் அன்று முழுக்கப் பேசாமல் இருந்தார். எனக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. கேள்வி கேட்டுத் தொலைக்கமாட்டாரா என்று இருந்தது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். இந்த மாதிரி இடம் எப்படிக் கிடைக்கும் என்று ஊரெல்லாம் விசாரணை. சீனியர் டாக்டர் ஒருவர், தங்க மெடல் இல்லாமல் அந்த வாசலை மிதிக்காதே என்றார். இவர் படிப்பில் சுமாருக்கு மேல், மெடலுக்குக் கீழ். பாங்கியில் வேலை பார்த்த ஒருவர், சிபாரிசு என்றார். எப்படிப்பட்ட சிபாரிசு என்று இவர் கேட்ட கேள்விகளில் அந்த மனுஷன், யார் யாருக்கு எந்தக் கல்யாணத்தில் பழக்கமானார்கள் என்பது வரை சொல்லிவிட்டுப் போனார். எங்கள் மாதா கோயில் சாமியார், மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றச் சொன்னார். ரொட்டிக் கடைக்காரர், பேட்டி நடத்துகிற டாக்டருக்கு ஒரு டின் மக்ரூன் கொண்டுபோகச் சொன்னார். "தின்னு பாத்தவன் மாட்டேன்னு சொன்னதில்ல," என்று தன் பங்குக்கு உத்தரவாதமும் கொடுத்தார். பெரிய டாக்டரிடமும் கேட்டார். அவர் சிபாரிசு எழுதினார், மறுக்கவில்லை. சுறுசுறுப்பான பெண், பிரசவப் பிரிவுக்கு மிகவும் ஏற்றவர் என்று எழுதியிருந்தார்.

"இத எடுத்துட்டுப் போனா என்னாகும்க்கா?" என்றார்.

"தொட்டில் வாங்கித் தருவாவ," என்றேன். அவர் சிரித்தார். நான்தான் சிரிக்கவில்லை.

இப்போது சங்கு குளிக்கிறவரைப் பற்றிச் சொல்லவேண்டும். முத்துக் குளிப்பு நின்றுபோய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. கடலில் முத்துச் சிப்பி விளைந்தால்தானே? ஆனால் மூச்சடக்கிக் கடலடியில் சங்கு எடுக்கிற சங்கு குளிப்பு ஒவ்வொரு பருவத்திலும் நடந்தது. எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி இருந்த ஒருவர், முப்பது வயதிருக்கும், தோணிக்கும் கரைச் சுவருக்கும் நடுவே இடது கால் மாட்டி நசுங்கிப்போய் வந்தார். பெரிய டாக்டர் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார். உயிர் பிழைத்ததே புண்ணியம். புண் ஆற ஆரம்பித்ததும் பெரிய டாக்டர் வழக்கம்போல அவரை மறந்தார். டாக்டரம்மா வழக்கம்போலப் பிடித்துக்கொண்டார்.

கடலுக்குள் எப்படி இறங்குவது, எவ்வளவு நேரம் மூச்சடக்குவது, கீழே கண் தெரியுமா, காது வலிக்குமா, சங்கு தரையில் எப்படிக் கிடக்கும்? அந்த மனுஷன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே கடலடிக்குப் போய்ப் போய் வந்தார். டாக்டரம்மா வீட்டில் வாளித் தண்ணீருக்குள் முகத்தை முக்கிக்கொண்டு என்னை எண்ணச் சொன்னார். எண்ண ஆரம்பிக்கும்போதே புரையேறி வெளியே வந்தார்.

கடைசியில் ஒரு திட்டம் போட்டார். சங்கு குளிக்கிறவர் கடலில் இறங்கும்போது மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுக்கவேண்டும். அதற்குத் தோள் வலு வேண்டும், கால் வேண்டாம். உட்கார்ந்துகொண்டே இழுக்கலாம். "கால் போனாலும் கை இருக்குல்லா? கயிறு புடிக்கட்டும்," என்றார். எனக்கே நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஆஸ்பத்திரிப் பின்கட்டு வேப்பமரத்தில் ஓர் உருளையைக் கட்டி, பனையோலைப் பெட்டியில் மணலை நிரப்பி, தினமும் காலையும் மாலையும் அவரை இழுக்கவைத்தார். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இழு என்றால் இழுத்தார். மணல் போய்க் கல் வந்தது. அவர் தோள் திரண்டது. கட்டைக் காலும் ஊன்றுகோலுமாக வீட்டுக்குப் போகும்போது, இரண்டு கையாலும் டாக்டரம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார். டாக்டரம்மா அன்று தரையில் நடக்கவில்லை. "இதப் பத்திப் பேட்டியில சொல்லுவேன்க்கா. மெடலு இல்லன்னா என்ன, இது இருக்கு," என்றார்.

சங்குப் பருவம் தொடங்கிக் கொஞ்ச நாள் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் டாக்டரம்மா என்னையும் இழுத்துக்கொண்டு சங்கு குளிக்கிறவர் வீட்டுக்குப் போனார், கயிறு பிடிக்கிற அழகைக் கேட்டுத் தெரிந்துகொள்ள. அந்த மனுஷன் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வாசலைத் திரும்பிப் பார்த்தால் கடல் தெரியும் என்பதால் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று பிறகுதான் புரிந்தது. வீட்டு ஓரத்தில் இன்னோர் ஆள் குத்தவைத்துப் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் கடலுக்குப் போகல? கை வலிக்கா? செஞ்சு காட்டுங்க," என்றார் டாக்டரம்மா.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து வந்தாள். மீன் நறுக்கிய கையைக்கூடத் துடைக்கவில்லை.

"யாருக்கும்மா கயிறு புடிப்பாவ? சொல்லுங்க. யாருக்குப் புடிப்பாவ?"

"எறங்குற யாருக்காச்சும்..."

"யாருக்காச்சுமா? கடலுக்குள்ள கெடக்கவன் உசுரும்மா அது! மச்சான் கையிலதான் குடுப்பாவ. பொண்டாட்டிகூடப் பொறந்தவன்தான் கயிறு புடிப்பான். தூங்கிட்டாலும் வெசனத்துல இருந்தாலும் தங்கச்சி தாலி அந்துரக் கூடாதேன்னு அவனுக்குத்தான் ஈரக்கொல பதறும். இவுகளுக்குக் கூடப் பொறந்த பொட்டப்புள்ள ஒண்ணுகூடக் கெடையாதே! எவன் வந்து இவுக கையில கயித்தக் குடுப்பான்?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எனக்கு இது தெரியும், அவர் கயிறு என்று சொன்ன அன்றைக்கு மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. கடற்கரையில் பால் குடிக்கிற பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. கடல் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்று யார் யாருக்குச் சொல்லுவார்கள்?

"அப்ப ஆஸ்பத்திரியில ஏன் சொல்லல? அத்தன நாளு இழுத்தியளே அண்ணே?" டாக்டரம்மாவின் குரல் இறங்கிப்போயிருந்தது.

அவர் முதல்முறையாக வாய் திறந்தார். "கையால இழுத்தா கால் புண்ணு ஆறும்னு நெனச்சேம்மா. ஆறத்தான செஞ்சது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டாக்டரம்மாவுக்கு இரண்டும் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பேட்டியில் சொல்ல வைத்திருந்த ஒரே சங்கதி, அந்த வீட்டு வாசலில் உடைந்து கிடந்தது. தண்ணீர் எடுப்பது யார், சட்டை மாட்டுவது எப்படி என்று ஊரையெல்லாம் கேட்டவர், இவரிடம் ஒரு கேள்வியை விட்டுவிட்டார். கையில் வலு இருக்கிறதா என்று பார்த்தாரே தவிர, அந்தக் கையை நம்ப ஆள் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்து வந்திருப்பார்கள். இவர் தலையை நிமிர்த்தினார்.

"சரி, உங்களுக்குக் கயிறு புடிச்சது யாரு?"

வீட்டு ஓரத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார். அவர்தான் மச்சான். வேறு தங்கச்சி கிடையாது, அதனால் அவருக்கும் கடலில் வேலை இல்லை. ஒருத்தர் கால் போய் இரண்டு பேர் கரையில் கிடந்தார்கள்.

"கடல்ல இறங்கையில, கயித்துல கட்டின கல்லுல கால வச்சு அந்தப் பாரத்துல இறங்குவோம்னு சொன்னியளே அண்ணே. கல்லுல எத்தன கால் வைப்பிய?"

"ஒண்ணு."

"எந்தக் காலு?"

அவர் தன் வலது காலைப் பார்த்தார். அவர் சம்சாரமும் பார்த்தாள், மச்சானும் பார்த்தார். வீட்டுக்குள் அடுப்பில் மீன்குழம்பு பொங்கி வழிகிற சத்தம் கேட்டது, ஒருவரும் போய் இறக்கவில்லை.

அடுத்த வாரம் காற்று இல்லாத ஒரு காலையில், கரையை ஒட்டி ஆழம் குறைவான இடத்தில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். டாக்டரம்மா வள்ளத்தில் ஏறியே தீருவேன் என்றார். துணைக்கு நான். வள்ளம் நகர்ந்ததும் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். வாந்திக்கு நடுவிலும், "அவரு கீழ அசைக்கது அலை அசைக்கதுலேர்ந்து எப்படித் தெரியும் அண்ணே?" என்று மச்சானிடம் கேட்டார். "பேசாம இருங்கம்மா," என்றார் மச்சான், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். டாக்டரம்மாவைப் பேசாமல் இருக்கச் சொல்லி, அவரும் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த மனுஷன் வலது காலைக் கல்லில் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தண்ணீர் மூடிக்கொண்டது. நான் மாதாவிடம் அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். மச்சான் உதட்டைக் கடித்த கடியில் ரத்தம் கசிந்தது. பிறகு அவர் கை சரசரவென்று இழுத்தது. மேலே வந்தவர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கையில் ஒரு சங்கு, சின்னது. அந்த அளவில் எடுக்கக்கூடாது என்பது சர்க்கார் சட்டம். அதைத் திரும்பக் கடலிலேயே போட்டுவிட்டு, "பெருசா ஒண்ணு கெடக்கு. திரும்ப எறங்குதேன்," என்றார். இழுத்துப் பழகின அந்தத் தோள் கீழே நீந்தவும் உதவியது என்று பிற்பாடு சொன்னாராம். டாக்டரம்மாவின் மணல் பெட்டி முழுக்க வீண் போகவில்லை.

மார்கழியில் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். பெண்ணைத் தனியாகச் சென்னைக்கு அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. என்னைத் துணைக்கு அனுப்பினார். போகும்போது ரொட்டிக் கடைக்காரர் கொடுத்த மக்ரூன் டின்னும் கூட வந்தது. அதை மதுரை தாண்டுவதற்குள் நாங்களே தின்றுவிட்டோம்.

அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். ஒருவர் கோட்டில் மெடல் குத்தியிருந்தார். ஒருவருடைய மாமா பெரிய பதவியில் இருக்கிறாராம், அதை எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தார். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு எலும்புகளின் பெயரைச் செபமாலை உருட்டுகிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். உள்ளே மூன்று பேர் பேட்டி கண்டார்கள். நடுவில் இருந்தவர் பட்டாளத்தில் இருந்து வந்த டாக்டர். காலையில் அவர் எங்களைக் கடந்து போனபோது பார்த்தேன், இடது கைச் சட்டை காலியாக மடித்து ஊசி குத்தியிருந்தது. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

அறை வாசலில், நடுவை மட்டும் மறைக்கிற ஸ்பிரிங் கதவு. செருப்பு தெரியும், தலை தெரியும், பேச்சு முழுக்கக் கேட்கும். டாக்டரம்மாவைக் கூப்பிட்டதும் நான் கதவோரம் நகர்ந்து உட்கார்ந்தேன். இங்கிலீஷில் ஆரம்பித்தார்கள். என்னுடையது நர்ஸ் இங்கிலீஷ், ஆனாலும் புரிந்தது. பெரிய டாக்டரின் சிபாரிசைப் பார்த்து ஒருவர், "உங்களைப் பிரசவத்துக்கு ஏற்றவர் என்று எழுதியிருக்கிறாரே?" என்றார். இன்னொருவர், "நீங்கள் செய்ததில் சிறந்த வேலை எது?" என்றார்.

"சிறந்தது எதுன்னு எனக்குத் தெரியல சார். தப்பாச் செஞ்சது ஒண்ணு நல்லாத் தெரியும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஒற்றைக் காலோடு ஒருவர் சங்கு எடுத்துக்கொண்டு வந்ததை முதலில் சொல்லக்கூடாதா? இவர் ஓலைப்பெட்டியில் ஆரம்பித்தார். வேப்பமரம், மணல், கல், திரண்ட தோள், சுவரைப் பார்த்து உட்கார்ந்த மனுஷன். பாதியில் இங்கிலீஷ் போய்த் தமிழ் வந்துவிட்டது. ஓரத்தில் இருந்த ஒருவர் சிரித்தார். "மச்சான் இருக்கிறானா என்று பார்ப்பதுதான் வைத்தியமா?" என்றார்.

நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. "அப்படியானால் நோயாளியிடம் முதலில் என்ன கேட்கவேண்டும்?" என்றார், அவரும் தமிழில்.

"உங்ககிட்டயே கேக்கலாமா சார்?"

உள்ளே யாரோ பேனாவைக் கீழே வைத்தார்கள். பெஞ்சில் எலும்புப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டார்.

"கேளுங்க."

"இன்னைக்கு இந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டது யாரு?"

நான் பையைக் கையில் எடுத்துக்கொண்டேன். அடுத்த வண்டியில் ஊருக்குப் போய்விடவேண்டியதுதான், கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

"நான்தான்," என்றார் அவர். பிறகு, "கழுத்துப் பொத்தான் மட்டும் என் மக போட்டு விடுறா," என்றார்.

"அது ஒரு கையால முடியாதா சார்?"

"முடியும்."

டாக்டரம்மா அதற்குமேல் கேட்கவில்லை. அவர் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காமல் விட்டது அன்றைக்குத்தான். அந்தப் பிள்ளைக்காக அந்த மனுஷன் முடிகிற காரியத்தை முடியாதது மாதிரி வைத்திருக்கிறார் என்பது வெளியே இருந்த எனக்கே விளங்கிவிட்டது.

வெளியே வந்தவர் முகம் வெளுத்திருந்தது. "கெட்டுதுக்கா. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்," என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லோருடைய பேட்டியும் முடிந்து, சாப்பாட்டு நேரமும் தாண்டி, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அந்தப் பட்டாளத்து டாக்டர் வந்தார். நேராக எங்களிடம் வந்து என்னைப் பார்த்து, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

உறவில்லை, ஜாதியில்லை, வேதமும் வேறு. "கூட இருக்கவ சார்," என்றேன்.

அவர் டாக்டரம்மாவைப் பார்த்து, "கயிறு பிடிக்க ஆளோடதான் வந்திருக்கீங்க," என்றார். "தை மாசம் வந்து சேர்ந்துடுங்க."

மெடல்காரர் எங்களை முறைத்துக்கொண்டே போனார். மாமா பதவிக்காரர், எங்கள் மாமா யார் என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார். அந்த இடம் எதனால் கிடைத்தது என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்லமுடியாது. ரொட்டிக் கடைக்காரர் மட்டும் கடைசிவரை அது தன் மக்ரூன் செய்த வேலை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் மறுத்துப் பேசவில்லை.

தையில் டாக்டரம்மா புறப்பட்டார். வழியனுப்ப அவருடைய அப்பா கருப்பட்டிப் பெட்டியோடு ஸ்டேஷனுக்கு வந்தார். புதுக் கட்டடத்தைக் கருப்பட்டி அடுக்கிவைக்கிற கிட்டங்கி ஆக்கிவிட்டேன் என்று என்னிடம் சொன்னார். வருத்தமாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. சங்கு குளிக்கிறவர் வரவில்லை, காற்று அடங்கின நல்ல நாள், மச்சானோடு கடலில் இருந்தார்.

டாக்டரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தார். பெட்டியை எங்கே வைத்தால் எடுக்கச் சுளுவு, பக்கத்தில் இருக்கிற அம்மாவுக்கு முழங்கால் எத்தனை வருஷமாக வலிக்கிறது என்று அதற்குள் விசாரித்தாகிவிட்டது. வண்டி கிளம்ப மணி அடித்தது. திடீரென்று ஜன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு கேட்டார்.

"அக்கா, நாளைக்கு உங்க கூட உக்காந்து சாப்பிட யாரு இருக்கா?"

என்னிடம் ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறார். இதைக் கேட்டதில்லை. வேறு ஒருவரும் கேட்டதில்லை.

"ஏளா, வண்டி நகருது. தலைய உள்ள இழு," என்றேன். டாக்டர் என்றில்லாமல் அவரை நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் சிரித்தார், கண்ணில் தண்ணீரோடு. பதிலை வாங்காமல் போகமாட்டேன் என்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு போனார்.

வண்டி வளைவில் மறைந்தது. அவர் அப்பாவும் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன்.

"ஒருத்தரும் இல்ல," என்றேன்.

பக்கத்தில் மூட்டையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தவர் திரும்பி, "என்னைக் கேட்டியளா சிஸ்டர்?" என்றார்.

"இல்ல அண்ணே," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.